ஆடிப்பட்டம் இல்லாத ஊரில்

2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அடுத்த வாரமே நான் தோட்டக்காரி ஆகிவிட்டேன். ஒரு பக்கம் கேமரன் மலையில் லாரி ஓடாததால் காய்கறிகளை அள்ளிக் கொட்டுகிறார்கள் என்று செய்தி. இன்னொரு பக்கம் கோலாலம்பூர் செதாப்பாக்கில் எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒரு தக்காளி இல்லை. வீட்டு முன்னால் போர்ச்சை ஒட்டி இரண்டு சதுர மீட்டர் மண் சும்மா கிடந்தது. அத்தை அதில் துணி காயவைக்கும் கம்பியை நட்டிருந்தார். அவ்வளவுதான் அதனால் பயன்.

சரி, தோட்டம் போடுவது எப்படி என்று யாரைக் கேட்பது? எல்லாரையும் போல யூடியூபைக் கேட்டேன். கோயம்புத்தூர், மதுரை, சேலம் என்று மாடித்தோட்டக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். நல்ல தமிழ், நல்ல மனசு, பார்க்கப் பார்க்க ஆசை வரும் கத்தரிக்காய். ஊரடங்கிலும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த ஒரு கடையில் துணிப்பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், விதைப் பொட்டலங்கள் என்று 280 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். காணொளிகளில் சொன்னபடி மண் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன். காலையில் தண்ணீர், மாலையில் தண்ணீர். வழிகிற தண்ணீரும் வீணாகக் கூடாது என்று ஒவ்வொரு பைக்கும் கீழே ஒரு தட்டு.

ஏழு வாரத்தில் எல்லாம் போனது. முதலில் புதினா, அப்புறம் கொத்தமல்லி, அதன் பிறகு வரிசையாக மற்றவை. ஒரு வெண்டைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் பழுப்பாக, தொட்டால் உறை கழன்று வருவதுபோல் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் அசல் லோங்காங் வாடை, அதாவது சாக்கடை வாடை.

கோலசிலாங்கூர் பக்கம் இருக்கும் அம்மா, பயணத் தடை தளர்ந்ததும் வந்தார். ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில் பிறந்து வளர்ந்தவர். பையைத் தூக்கிப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இது என்னடி, செடிக்குக் குளம் வெட்டி வச்சிருக்க?”

“தண்ணி வேணாமாம்மா?”

“காஞ்சா ஊத்திக்கலாம். அழுகுனா என்ன பண்ணுவ?”

இந்த ஒரு வாக்கியம் எந்தக் காணொளியிலும் வரவில்லை. அவர்கள் மேல் தப்பும் இல்லை. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, கோயம்புத்தூரில் அதிலும் பாதிதான். கோலாலம்பூரில் ஏறக்குறைய 2,500. அவர்கள் தண்ணீரைப் பிடித்துவைக்கக் கற்றுத் தருகிறார்கள், நமக்கு வேண்டியது தண்ணீரை வெளியே அனுப்பும் வித்தை. அளவைவிட மழை பெய்யும் விதம்தான் முக்கியம். மாலை நாலு மணிக்கு வானம் கறுத்து, ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டிவிட்டுப் போவதெல்லாம் இங்கே சாதாரணம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். அப்படியானால் என் இரண்டு சதுர மீட்டரில் ஒரே மாலையில் நூறு லிட்டர். அதற்கு மேலும் நான் பூவாளியோடு போய் நின்றிருக்கிறேன்.

அம்மா அன்று செய்த முதல் வேலை எல்லாத் தட்டுகளையும் பிடுங்கியது. இரண்டாவது, பின்சந்தில் கிடந்த செங்கல்லைப் பொறுக்கி வந்து பைகளை அதன்மேல் தூக்கிவைத்தது. ஒரு காசு செலவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கமாகவே சொல்ல வேண்டும். தொட்டியின் அடியில் ஓட்டுத்துண்டும் கல்லும் போட்டால் தண்ணீர் வடியும் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் போட்டேன். உண்மையில் பொடி மண்ணிலிருந்து கரடான கல்லுக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது. மேலே உள்ள மண் முழுவதும் ஊறிய பிறகுதான் சொட்டும். கல் போட்டால் ஈரம் நிற்கும் இடம் இன்னும் மேலே, வேருக்கு அருகில் வருகிறது, அவ்வளவுதான். மண் கலவை மேலிருந்து கீழ்வரை கரடாக இருக்க வேண்டும். எங்கள் பகுதி மண் செம்மண், அதுவும் வீடு கட்டியபோது கொட்டிய சிமெண்டுத் துண்டு, ஓட்டுத்துண்டு கலந்த மண். நனைந்தால் பசை, காய்ந்தால் செங்கல். அதில் பாதி, சுட்ட உமி கால் பங்கு, மக்கிய குப்பை கால் பங்கு. இதுதான் இன்றைக்கும் என் கணக்கு. செக்காம் பாக்கார் என்று நாற்றுக் கடையில் கேட்டால் சுட்ட உமியை மூட்டையாகவே தருவார்கள், விலையும் சல்லிசு. தானா ஹித்தாம் என்று பையில் அடைத்து விற்கும் கறுப்பு மண்ணை மட்டும் அப்படியே தொட்டியில் கொட்டாதீர்கள். நாலு மழையில் களிமண் உருண்டையாகிவிடும்.

துணிப்பைகள் இரண்டாம் ஆண்டே கிழிந்தன. அதற்குப் பதில் கிடைத்ததுதான் மீன் பெட்டி. காலை ஒன்பதரைக்கு மேல் பாசாருக்கு, அதாவது சந்தைக்குப் போனால் மீன் கடைக்காரர்கள் வெள்ளைத் தெர்மோகோல் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்த அங்கிள் ஒரு பெட்டிக்கு ஒரு வெள்ளி கேட்பார், பேச்சு வளர்ந்தால் சும்மாவே தருவார். இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்துப் போட்டால் வாடை போய்விடும். அடியில் பத்துத் துளை, நாலு செங்கல் மேல் ஏற்றிவிட்டால் கீரைப் பாத்தி தயார். வெயிலில் வேரும் சூடாகாது. குறை என்னவென்றால் மூன்று நாலு வருடத்தில் பெட்டி உதிர ஆரம்பிக்கும். வெள்ளை மணிகள் மண்ணில் கலப்பதற்குள் தூக்கிப் போட்டுவிட வேண்டும். இயற்கைத் தோட்டம் என்று சொல்லிக்கொண்டு பிளாஸ்டிக் பெட்டியில் வளர்க்கிறாயே என்று தம்பி கிண்டல் செய்வான். செய்யட்டும். பொன்னாங்கண்ணிக் கீரையை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கிப் போவான்.

மழை செய்கிற இன்னொரு வேலை கண்ணுக்குத் தெரியாது. கரையக்கூடிய சத்தெல்லாம் தண்ணீரோடு இறங்கி ஓடிவிடும், முதலில் தழைச்சத்து, கூடவே சாம்பல் சத்து. மண்ணும் மெல்ல மெல்லப் புளித்துப்போகும். அதனால் நடும்போதே வண்டி உரம் கொட்டுவது காசை லோங்காங்கில் விடுவதற்குச் சமம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு செடிக்கு ஒரு கைப்பிடி மக்கு உரம். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. மண்ணின் புளிப்பு குறைய, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் டோலோமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள். முட்டை ஓட்டையும் நொறுக்கிப் போடுகிறேன், ஆனால் அது கரைய வருடக்கணக்கில் ஆகும். நாமாக ஒரு நல்ல காரியம் செய்தோம் என்று திருப்திப்பட்டுக்கொள்ளலாம்.

மக்கு உரம் என்றதும் அத்தை ஞாபகம் வருகிறார். 2015 செப்டம்பர் 1 முதல் கோலாலம்பூரில் குப்பையைப் பிரித்துப் போட வேண்டும் என்று விதி வந்ததில் இருந்தே எங்கள் வீட்டில் சமையல் கழிவுக்குத் தனி வாளி. அதையே உரவாளி ஆக்கினேன். பழைய பெயிண்ட் வாளியில் சுற்றிலும் துளைபோட்டு, போர்ச் கூரைக்குக் கீழே வைத்தேன். முதலில் வெளியே வைத்து, ஒரே மழையில் அது நாற்றக் குழம்பானது தனிக்கதை. இங்கே ஈரம் எப்போதும் கூடுதல்தான். ஆகவே ஒரு கிண்ணம் காய்கறித் தோல் போட்டால் இரண்டு கிண்ணம் காய்ந்ததைப் போட வேண்டும். கிழித்த அட்டைப்பெட்டி, முட்டைத் தட்டு, தெருவோர மரத்துச் சருகு, தேங்காய்ப்பால் பிழியும் கடையில் கேட்டால் அள்ளிக் கொடுக்கும் நார்.

மூன்றாம் வாரம் அத்தை வாளியைத் திறந்து போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) ஓடி வந்துவிட்டார். உள்ளே விரல்கணு நீளத்தில் தட்டையான புழுக்கள், நூற்றுக்கணக்கில், சலசலவென்று சத்தத்தோடு. காது கொடுத்துக் கேட்டால் அரிசியை முறத்தில் புடைப்பது போல இருக்கும். நானும் பயந்து வாளியை வீசப் போனேன். மக்சிக்தான் தடுத்தார். அவர் வீட்டுக் கோழிகளுக்கு அது விருந்தாம். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், அது கறுப்புப் படைவீரன் ஈயின் புழு. நம் வெப்பத்துக்குத் தானாக வரும். பழத்தோல், பழைய சோறு, மீன் தலை, எதைப் போட்டாலும் சில நாளில் காலி. வளர்ந்த ஈ வீட்டு ஈயைப் போல நம் சாப்பாட்டில் வந்து உட்காராது. இப்போது அத்தையே “புழுவுக்குச் சாப்பாடு போட்டாச்சா?” என்று கேட்கிறார். புழு தின்று முடித்த மிச்சத்தை இன்னும் ஒரு மாதம் ஆறவிட்டால் காப்பித்தூள் மாதிரி உரம்.

தட்டு விஷயத்தை இன்னும் முடிக்கவில்லை. அம்மா கண்ணில் படாமல் ஒரு தட்டு மட்டும் பெரணித் தொட்டிக்கு அடியில் ஒளிந்திருந்தது. சில மாதம் கழித்துச் சுகாதாரப் பரிசோதகர்கள் தெருவில் வந்தபோது அதில்தான் டார்ச் அடித்தார்கள். கொசுப் புழு. ஏடிஸ் முட்டை கொசுவாகப் பத்து நாள்கூட வேண்டாம். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி அபராதச் சீட்டு கையில் வந்தது. அந்த வருடம் நான் தோட்டத்துக்குச் செய்த மிகப் பெரிய செலவு அதுதான். தப்பு என்னுடையது, அதனால் முணுமுணுக்காமல் கட்டினேன். மழைநீரைப் பீப்பாயில் பிடித்து வைப்பவர்கள் வாயில் வலை கட்டிவிடுங்கள், அல்லது இரண்டு கப்பி மீன் விடுங்கள். என்னைக் கேட்டால் இந்த ஊரில் பீப்பாயே தேவையில்லை. நாலு நாள் மழை இல்லாவிட்டால் அரிசி கழுவின தண்ணீர் போதும்.

தக்காளிக்கு வருவோம். அதில்தான் நான் நிறைய அடி வாங்கினேன்.

இரண்டாவது முறை எல்லாம் சரியாகச் செய்தேன். மேட்டுப்பாத்தி, கரடான மண், மேலே பிளாஸ்டிக் கூரை. ஆறு செடியும் இடுப்பு உயரம் வந்து பூ வைத்தன. ஒருநாள் மதியம் ஒரு செடி தலை தொங்கி நின்றது. வெயில் என்று நினைத்தேன். மாலையில் நிமிர்ந்துவிட்டது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நிமிரவில்லை. இலை மஞ்சளாகவில்லை, புள்ளி இல்லை, பூச்சி இல்லை. பச்சையாகவே செத்திருந்தது. அடித்தண்டை வெட்டி, ஒரு கண்ணாடிக் கிளாஸில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் மட்டும் நனைகிற மாதிரி ஆட்டாமல் பிடித்தேன். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் தண்டின் ஓரத்திலிருந்து பால்நிறத்தில் ஒரு நூல் இறங்கியது. ஊதுபத்திப் புகையைத் தலைகீழாகப் பார்ப்பதுபோல, வளைந்து வளைந்து கிளாஸின் அடிக்குப் போனது. அந்த நூல் முழுக்க பாக்டீரியா. வேர் வழியாக ஏறி, தண்ணீர்க் குழாய்களை அடைத்துக்கொள்கிறது. செடி ஈரத்தில் நின்றுகொண்டே தாகத்தில் சாகிறது.

பாக்டீரியா வாடல் என்று பெயர். வெப்பமும் ஈரமும் சேர்ந்த தாழ்நிலத்தில் அதற்குக் கொண்டாட்டம். வந்த பிறகு மருந்து கிடையாது. பஞ்சகவ்யம், மோர், வேப்பெண்ணெய், எதைத் தெளித்தாலும் காசுக்குக் கேடு. மண்ணில் வருடக்கணக்கில் தங்கும், தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை என்று அந்தக் குடும்பத்தையே பிடிக்கும். ஆறு செடியையும் வேரோடு பிடுங்கிக் குப்பை லாரிக்கு அனுப்பினேன். உரவாளியில் போடவில்லை. தக்காளி கேமரன் மலையிலேயே இருக்கட்டும் என்று அன்றைக்கு விட்டேன். இன்றுவரை காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன், வருத்தமில்லை.

கத்தரிக்காயை விட மனசு வரவில்லை. அதற்கு வழி பின்சந்திலேயே நின்றது. லோங்காங் ஓரத்தில் குருவி எச்சத்தில் முளைத்த சுண்டைக்காய். யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் விடவில்லை, வெள்ளம் வந்தாலும் அசையாது. கத்தரியின் உறவுதான், ஆனால் இந்த வாடல் அதை அவ்வளவாக அண்டாது. பென்சில் பருமனுள்ள சுண்டைக் கன்றைத் தோண்டிவந்து தொட்டியில் தேற்றி, ஒரு சாண் உயரத்தில் குறுக்கே வெட்டி, நடுவில் ஓர் அங்குலம் பிளந்தேன். அதே பருமனுள்ள கத்தரிக் கொழுந்தை எடுத்து, பெரிய இலைகளைக் கிள்ளிவிட்டு, அடியை ஆப்பு மாதிரி சீவிப் பிளவில் செருகினேன். ஒரு பக்கமாவது தோலும் தோலும் ஒட்டி நிற்க வேண்டும், அதுதான் சூட்சுமம். பிளாஸ்டிக் பை நறுக்கால் இறுகச் சுற்றி, மேலே ஒரு தெளிந்த பையைக் கவிழ்த்து, பத்து நாள் நிழலில் வைத்தேன். ஐந்தில் மூன்று பிழைத்தன. சுண்டை முள் கையைக் கிழித்த தடம் இன்னும் இருக்கிறது. அதில் ஒரு செடி மூன்றாம் வருடமாகக் காய்க்கிறது, மரம் மாதிரி ஆகிவிட்டது. அடியில் சுண்டைத் துளிர் வந்தால் மட்டும் உடனே கிள்ளிவிட வேண்டும். விட்டால் வீட்டுக்காரனைத் துரத்திவிட்டுக் குடியேறிவிடும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். அந்தப் பட்டம் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பி, தமிழ்நாட்டு மண்ணுக்காகச் சொன்னது. நமக்கு ஆடி ஜூலை நடுவில் தொடங்குகிறது, கோலாலம்பூரில் அது மழை குறைந்த காலம். பகல் நேரமும் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 12 மணி நேரம்தான். பெரிய வெங்காயத்தின் அடியை நட்டால் தாள் மட்டும் வரும், வெங்காயம் வராது. கிழங்கு பெருக்கப் பல வகைகளுக்கு நீண்ட பகல் வேண்டும். கொத்தமல்லியோ இந்தச் சூட்டில் ஒரு சாண் வளர்வதற்குள் பூ வைத்துவிடும். ஆனால் பட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஏப்ரலையும், அக்டோபர் நவம்பரையும் மழை உச்சம் என்று வைத்துக்கொண்டால், அதற்கு நடுவில் ஜூன் ஜூலையும் ஜனவரி பிப்ரவரியும் கொஞ்சம் மூச்சு விடும். வெண்டை, பயத்தங்காய், மிளகாய்க்கு விதை போடுவதை நான் அந்த மாதங்களில் வைத்துக்கொள்கிறேன். மழை உச்சத்தில் விதை போட்டால் நாற்று தரைமட்டத்தில் அழுகிச் சாய்ந்துவிடும், இல்லாவிட்டால் விதையே லோங்காங்குக்குப் போகும்.

மழை மாதத்தில் என்ன சாப்பிடுவது? மழையை விரும்புகிறவற்றை. பாசாரில் வாங்கின கங்கோங் கீரைக் கட்டில் கொழுந்தைச் சமைத்துவிட்டு, கணு உள்ள தண்டைத் தண்ணீரில் வைத்தால் சில நாளில் வேர். பசலை, வல்லாரை, சேப்பங்கிழங்கு எல்லாம் எவ்வளவு நனைந்தாலும் கவலைப்படாது. மக்சிக் ஒரு குச்சி ஒடித்துக் கொடுத்து நட்டதுதான் சேகூர் மானிஸ். நம் தவசிக்கீரையேதான். முட்டை போட்டுக் கிளறினால் அவ்வளவு ருசி. சமைத்துத்தான் சாப்பிட வேண்டும். 1990-களில் தைவானில் உடம்பு இளைக்க இதைப் பச்சையாகச் சாறு பிழிந்து தினமும் குடித்த பலருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. கீரைதானே என்று அளவில்லாமல் போகக் கூடாது.

அம்மாவிடம் லயத்தில் என்ன பயிர் வைத்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். குளிக்கிற இடத்துத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் சேம்பு, கொஞ்சம் மேட்டில் முருங்கை, வேலிக்கு மரவள்ளி. ஜப்பான்காரன் காலத்தில் பாட்டி குடும்பம் மரவள்ளியிலேயே உயிர் பிழைத்ததாம், அதனால் பாட்டி கடைசிவரை அதை வாயில் வைக்கவில்லை, நடுவதை மட்டும் விடவும் இல்லை. எது எந்த ஈரத்தில் நிற்கும் என்று அந்த ஒரு சின்ன இடத்துக்குள்ளேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். நான் 280 வெள்ளி கட்டிப் படித்த பாடம்.

பூச்சி மருந்து பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வேப்பெண்ணெய் நல்லதுதான், ஆனால் மூன்று மணிக்குத் தெளித்தால் நாலு மணி மழையில் போய்விடும், நடுப்பகலில் தெளித்தால் இலை கருகும். மழை விட்ட மாலையில், இலை வடிந்த பிறகு தெளியுங்கள், அதுவும் மாவுப்பூச்சியைக் கண்ணால் கண்டால் மட்டும். நத்தைக்கு மருந்தே வேண்டாம். மழை நின்ற இரவு பத்து மணிக்கு ஒரு டார்ச், ஒரு வாளி. ஆப்பிரிக்க நத்தை ஒவ்வொன்றும் குழந்தையின் கை அளவு இருக்கும். வெறும் கையால் தொடாதீர்கள், அதில் எலியிடமிருந்து வரும் ஒட்டுண்ணி இருக்கலாம். கீரையையும் இலை இலையாகக் கழுவுங்கள். உப்புத் தூவுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நத்தையோடு மண்ணும் சாகும். போன சனிக்கிழமை ராத்திரி நான் முப்பத்தொன்று பிடித்தேன். மூடாக்குக்காகப் போட்ட சருகுக்கு அடியில்தான் பாதி. மூடாக்கு இல்லாவிட்டால் மழை மண்ணை அடித்து இலைமேல் தெறிக்கும், நோய் ஏறும். மூடாக்கு இருந்தால் நத்தைக்கு வீடு. தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டு மூடிப் பார்க்கிறேன். இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மணி நாலே கால் ஆகிவிட்டது, கோம்பாக் பக்கம் இடி. அம்மா போனில் கேட்கிறார், கறிவேப்பிலைக்கு மேலே பிளாஸ்டிக்கை இழுத்துக் கட்டினாயா என்று. கட்டவில்லை.